சிட்டியை மறுபடி எழுப்பியது சரியா? '2.0' படத்துக்கு ஒரு தாமதமான கணக்கு

பூவாரில் படகு ஏறியிருக்கிறீர்களா? நெய்யாறு கடலைத் தொடும் கழிமுகம் அது. அலையாத்தி மரங்களுக்கு நடுவே படகு திரும்பும்போது தலைக்கு மேலே ஒரு செம்பருந்து வட்டமடிக்கும். படகில் இருக்கும் அத்தனை பேரும் செல்போனை நீட்டுவார்கள். தென்னந்தோப்புக்குப் பின்னால் எங்காவது ஒரு டவரும் கண்ணில் படும். கூட்டத்தில் தமிழ்ப் பசங்க இருந்தால் ஒருத்தராவது, "போனை உள்ள வைடா, பட்சிராஜன் வந்துடுவார்" என்பார்.

அந்த ஜோக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். '2.0' வெளியானது 2018 நவம்பர் 29 அன்று. ரஜினிகாந்த் ஒரே படத்தில் பல வடிவங்களில் வந்தார். செலவு 500 கோடி ரூபாய்க்கும் மேல் என்று பேசப்பட்டது. 3டி கேமராவிலேயே எடுத்த படம். இவ்வளவுக்கும் பிறகு படகில் ஞாபகம் வருவது பழைய சிட்டி அல்ல, புதிதாக வந்த வில்லன். அப்படியானால் இந்தப் படத்துக்கு சிட்டி எதற்காகத் தேவைப்பட்டது?

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து எல்லைக் கிராமங்களில் தமிழ்ப் படமும் மலையாளப் படமும் ஒரே ஊரில் ஓடும். இரண்டையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

2010-இல் கதை எங்கே முடிந்தது?

'எந்திரன்' 2010 அக்டோபர் 1 அன்று வந்தது. விஞ்ஞானி வசீகரன் உருவாக்கும் ரோபோ சிட்டி, மனித உணர்ச்சிகளைக் கற்றுக்கொண்டு, வசீகரனின் காதலி சனாவையே காதலிக்கத் தொடங்குகிறது. போரா என்ற போட்டி விஞ்ஞானி அதற்குள் சிவப்பு சிப் ஒன்றைப் பொருத்துகிறார். அதன்பிறகு வருவது 2.0 என்ற வெர்ஷன். அது தன்னைப் போலவே நூற்றுக்கணக்கில் செய்துகொள்கிறது, சனாவைக் கடத்துகிறது, மனிதர்களைக் கொல்கிறது.

கடைசியில் சட்டம் சிட்டியைக் கலைக்கச் சொல்கிறது. சிட்டி தன் கையாலேயே தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறது. பிறகு கதை 2030-க்குத் தாவுகிறது. மியூசியத்தில் ஒரு பள்ளிச் சிறுமி, இதை ஏன் கலைத்தார்கள் என்று கேட்கிறாள். தான் சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்கிறது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சிட்டி.

இப்படி முடிந்த கதையில் பாக்கி எதுவும் இல்லை. இயந்திரம் யோசிக்க ஆரம்பித்தால் அதை என்ன செய்வது என்று கேட்டு, அதற்கு ஒரு சோகமான பதிலையும் சொல்லிவிட்டது. கண்ணாடியை உடைத்து சிட்டியை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அதற்குத் தகுந்த காரணம் இருக்க வேண்டும்.

'2.0' சொன்ன காரணம் என்ன?

காரணம் இருந்தது, அதுவும் நல்ல காரணம். சென்னையில் எல்லோருடைய செல்போனும் கையைவிட்டுப் பறந்துபோகிறது. பின்னணியில் பட்சிராஜன் என்ற வயதான பறவையியல் அறிஞர். டவர் கதிர்வீச்சில் பறவைகள் சாகின்றன என்று அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திலும் முறையிட்டுத் தோற்று, ஒரு டவரிலேயே தூக்கு மாட்டிக்கொண்டவர். அக்ஷய் குமார் நடித்த அந்தப் பாத்திரம் பலருக்கும் சாலிம் அலியை நினைவூட்டியது. இன்னொரு தற்செயலும் உண்டு. 1933-இல் சாலிம் அலி பறவைக் கணக்கெடுப்பு நடத்திய திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள்தான் அன்று பூவாரும் இருந்தது.

பட்சிராஜனின் முன்கதை ஓடும் நிமிடங்களில் தியேட்டர் அமைதியானது உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். 'எந்திரன்' கேட்காத கேள்வி அது. நாம் தினமும் கையில் வைத்திருக்கும் கருவிக்கு வேறு யார் விலை கொடுக்கிறார்கள்?

சிக்கல் சிட்டி வந்த பிறகு ஆரம்பிக்கிறது. பட்சிராஜனிடம் சிட்டி தோற்று நொறுங்கியதும், நிலா என்ற பெண் ரோபோ அதே சிவப்பு சிப்பைப் பொருத்தி அதை மறுபடி எழுப்புகிறது. பழைய சிரிப்பு, பழைய ஹேர்ஸ்டைல், ஆட்டுக்குட்டி சத்தம் எல்லாம் வருகிறது. நம்பர் ஒன் யார், நம்பர் டூ யார் என்ற சினிமாப் பேச்சையே கிண்டல் செய்யும் வசனமும் உண்டு. தான் ஒரு ரஜினி படம் என்பது படத்துக்கு நன்றாகவே தெரியும். விசில் பறந்தது. நானும் கைதட்டினேன்.

வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. 2010-இல் அந்த சிப் ஒரு குற்றம். அதனால் மனிதர்கள் செத்தார்கள், அதற்காகவே சிட்டி கலைக்கப்பட்டது. 2018-இல் அதே சிப் நமக்குக் கிடைத்த பரிசு. நடுவில் என்ன மாறியது? கதைக்குள் எதுவும் மாறவில்லை. நம் ஞாபகம்தான் மாறியிருக்கிறது. ஸ்டைலை வைத்துக்கொண்டு, அது செய்த கொலைகளை மறந்துவிட்டோம். படமும் அந்த மறதியை நம்பித்தான் அந்தக் காட்சியை வைத்தது.

க்ளைமாக்ஸ் இன்னும் வினோதம். குட்டி வடிவ 3.0 ரோபோக்கள் புறாக்கள்மீது ஏறி வருகின்றன. அந்தப் புறாக்களை அழித்துவிடுவோம் என்று மிரட்டித்தான் பட்சிராஜனைப் பணிய வைக்கிறார்கள். பறவைகளுக்காக அழுத படம், பறவைகளைப் பிணையாக வைத்து ஜெயிக்கிறது. இதைச் செய்தது சரியா என்று படத்தில் யாரும் நின்று கேட்பதில்லை. எல்லாம் முடிந்த பிறகு, பட்சிராஜன் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று வசீகரன் அமைச்சரிடம் சொல்கிறார். அவ்வளவுதான்.

அப்போ, பழைய நினைவே தப்பா?

இல்லை. சீக்வல் பார்க்கப் போகிறவர் பழைய முகத்தைத் தேடித்தான் போகிறார். காலம் கடந்து எடுப்பதும் குறையாகாது. சில இடைவெளிகளைப் பாருங்கள். 'டெர்மினேட்டர்' முதல் பாகத்துக்கும் (1984) இரண்டாம் பாகத்துக்கும் (1991) 7 ஆண்டுகள். 'எந்திரன்' வந்து 8 ஆண்டுகளில் '2.0'. மூன்றாவது 'மேட்ரிக்ஸ்' (2003) வந்து 18 ஆண்டுகள் கழித்து நான்காவது (2021). 'பிளேட் ரன்னர்' (1982) படத்துக்கும் '2049'-க்கும் (2017) 35 ஆண்டுகள். இடைவெளிக்கும் தரத்துக்கும் இந்தச் சின்னப் பட்டியலில் நேரடித் தொடர்பு எதுவும் தெரியவில்லை.

தேதியை விட உதவியாக இருப்பவை மூன்று கேள்விகள். முதல் கதை கேட்காத எதையாவது இது கேட்கிறதா? பழைய பொருளைக் காட்சிக்கு வைக்கிறதா, வேலைக்கு எடுத்துக்கொள்கிறதா? பழைய முடிவை மாற்றினால் அதற்கான விலையைக் கதைக்குள்ளேயே கொடுக்கிறதா?

'டெர்மினேட்டர் 2' கிட்டத்தட்ட '2.0' செய்ததையேதான் செய்தது. முதல் படத்தின் கொலைகார இயந்திரத்தை இரண்டாம் படத்தில் காவல்காரன் ஆக்கியது. ஆனால் யாரையும் கொல்லக் கூடாது என்று ஒரு சிறுவன் அதற்குக் கட்டளையிடுகிறான், இயந்திரம் அதைக் கற்றுக்கொள்வதுதான் படத்தின் கதை. மூன்றாவது கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. '2.0' முதல் கேள்வியில் பாஸ். இரண்டாவதில் பாதி மார்க். மூன்றாவதில் பேப்பரே வெள்ளை.

'ஆமா, நான் சீக்வல்தான்' என்று ஒப்புக்கொண்டால் போதுமா?

இந்த உத்தியை அதன் எல்லைவரை கொண்டுபோன படம் 2021-இல் லானா வச்சோவ்ஸ்கி எடுத்த 'தி மேட்ரிக்ஸ் ரிசரக்‌ஷன்ஸ்'. அதில் நியோ ஒரு வீடியோ கேம் டிசைனர். 'மேட்ரிக்ஸ்' என்பது அவர் செய்த கேம். நீ செய்தாலும் செய்யாவிட்டாலும் வார்னர் பிரதர்ஸ் அடுத்த பாகத்தை எடுக்கத்தான் போகிறது என்று படத்துக்குள்ளேயே அவரிடம் சொல்கிறார்கள். தன்னைத் தயாரித்த நிறுவனத்தையே படம் பெயர் சொல்லிக் கிண்டல் செய்கிறது.

ரசிக்கத்தக்க துணிச்சல்தான். ஆனாலும் லேட்டா வருகிற நண்பன், "நான் எப்பவுமே லேட்டுதான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் நாம் காத்திருந்த நேரம் திரும்பி வந்துவிடுமா? குறையைத் தெரிந்து வைத்திருப்பது ஒன்று, சரிசெய்வது இன்னொன்று. அந்தப் படத்திலும் மனதில் நிற்பது கேலி அல்ல. வயதான நியோவும் டிரினிட்டியும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளும் புதிய பகுதிதான் நிற்கிறது.

பட்சிராஜன் சொன்னது உண்மையா?

படத்தின் நியாயம் முழுக்க இதில் நிற்பதால் இதைத் தாண்டிப் போக முடியாது. ரிலீஸுக்கு முன்பே செல்போன் நிறுவனங்களின் சங்கமான சிஓஏஐ, படம் அறிவியலுக்குப் புறம்பான கருத்தைப் பரப்புகிறது என்று புகார் கொடுத்தது.

டவர்களால் சிட்டுக்குருவிகள் அழிகின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2020 அறிக்கைப்படி, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, பெரிய நகரங்களில் குறைந்திருக்கிறது. குஞ்சுகளுக்கு இரையாகும் பூச்சிகளும் கூடு கட்ட இடமும் குறைந்தது காரணமாக இருக்கலாம் என்கிறது அது. டவருக்கான கதிர்வீச்சு வரம்பை இந்தியா 2012 செப்டம்பரில் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது.

அதற்காக பட்சிராஜனின் கவலை வெறும் கற்பனையும் இல்லை. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் 'நேச்சர்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நகரத்து மின்காந்த இரைச்சலில் ஐரோப்பிய ராபின் பறவைகளால் பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை அறிய முடியவில்லை. ஆனால் அவர்கள் பேசியது செல்போன் அலைவரிசையை அல்ல, அதைவிட மிகக் குறைந்த அலைவரிசைகளை. உண்மைக் கதையே இவ்வளவு சுவாரசியமாக இருக்கிறது. சண்டைக்கு ஒதுக்கிய நேரத்தில் கொஞ்சத்தை இதற்குக் கொடுத்திருந்தால், படம் பார்த்தவர்கள் டவரை மட்டும் முறைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள்.

சுஜாதா இருந்திருந்தால்?

இந்தக் கேள்வியைத் தமிழ் ரசிகர்கள் கேட்காமல் விட்டதில்லை. 'எந்திரன்' வசனத்தில் பங்குள்ள சுஜாதா, படம் வருவதற்கு முன்பே 2008 பிப்ரவரியில் காலமானார். '2.0'-க்கு ஷங்கருடன் எழுதியவர் ஜெயமோகன். பாறசாலையைத் தாண்டினால் வரும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், தமிழிலும் மலையாளத்திலும் எழுதுபவர்.

சுஜாதா தானே ஒரு அறிவியல் சீக்வல் எழுதியிருக்கிறார். 'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி, நிலா என்ற பெண், ஜீனோ என்ற ரோபோ நாய். '2.0'-இன் பெண் ரோபோவுக்கும் நிலா என்றுதான் பெயர். இரண்டாம் பாகத்துக்கு சுஜாதா வைத்த தலைப்பு 'மீண்டும் ஜீனோ'. தலைப்பே பழைய பாசத்தை நம்புகிறது. ஆனால் உள்ளே போனால் சர்வாதிகாரி போன பிறகு என்ன ஆகிறது, ஆட்சியில் உட்கார வைத்த நிலாவை யார் ஆட்டுவிக்கிறார்கள் என்று கதை நகர்கிறது. ஜீனோவும் முதல் பாகத்தில் விட்ட இடத்தில் நிற்காமல் மேலும் யோசிக்கிற ஜீவனாகிறது. ஆசைக்காக வாங்கினவருக்கும் புதுசாக ஒன்று கிடைத்தது.

எல்லைக்காரர்களுக்கு ஏன் கூடுதல் உறுத்தல் என்று சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். '2.0'-க்கு அடுத்த ஆண்டே மலையாளத்தில் 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25' வந்தது. பய்யனூரில் ஒரு பிடிவாதக்காரக் கிழவர், வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், அவன் அப்பாவுக்குத் துணையாகக் கொண்டுவரும் ரோபோ. தலைப்பில் வெர்ஷன் நம்பர் இருந்தாலும் எதற்கும் சீக்வல் இல்லை. மகன் செய்ய வேண்டியதை ரோபோ செய்யலாமா என்று கேட்டது. ஊரைவிட்டு வெளியே வேலை பார்க்கும் நம்மில் பலருக்கு அந்தக் கேள்வி நேராக நெஞ்சில் இறங்கியது. பிறகு தமிழில் 'கூகுள் குட்டப்பா' என்று ரீமேக்கும் ஆனது.

கடைசியில் என்ன தீர்ப்பு?

பட்சிராஜனுக்காக '2.0' எடுத்தது நியாயம்தான். சிட்டியைத் திரும்பக் கொண்டுவந்த விதத்துக்கு நியாயம் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே படத்தில் இருப்பதால், நியாயமான பாதியை மற்ற பாதி அடித்துச் சாப்பிட்டுவிட்டது.

இது ஒரு சினிமா வாதம் மட்டும் இல்லை. '2.0' வந்து சரியாக நான்கு ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. இப்போது உங்கள் ஆபீஸிலேயே இயந்திரம் மெயில் எழுதுகிறது, கோடு எழுதுகிறது. இது யோசிக்கிறதா, யோசித்தால் யார் பொறுப்பு, எப்போது நிறுத்துவது என்று மீட்டிங்கில் பேசுகிறோம். அதைப் பேச நமக்குத் தமிழில் ஒரு கதை தேவைப்படுகிறது. தேடினால் கையில் கிடைப்பது 2010-இல் வந்த அந்த மியூசியக் காட்சிதான். அதற்குப் பிறகு எட்டு வருஷமும் பல நூறு கோடியும் செலவழித்து, அந்தக் கேள்வியில் ஒரு அடிகூட முன்னே போகவில்லை.

'எந்திரன்' கணக்குப்படி அந்தச் சிறுமி மியூசியத்துக்கு வருவது 2030-இல். நிஜத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைகள் இப்போதே நம் வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். அடுத்த முறை யாராவது சிட்டியை எழுப்புவதாக இருந்தால், அவர்களிடம் சொல்ல ஒரு பதிலோடு எழுப்பட்டும்.