உங்களுக்குத் தெரியுமா? ஒரு மொழியில் மட்டும் இடறும் வாசிப்பு

இலங்கையின் உருத்திரபுரத்தில் தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளை, தரம் 3இல் ஆங்கிலப் பாடநூலையும் தரம் 6இல் இரண்டாம் மொழியாகச் சிங்களத்தையும் தொடங்குவதால், பதினொரு வயதளவில் மூன்று எழுத்துமுறைகளுக்குள் நுழைந்துவிடுகிறது. டிஸ்லெக்சியா, அதாவது அறிவுத்திறன் குறையாதிருந்தும் எழுத்தை ஒலியோடு விரைவாகப் பொருத்த இயலாத மூளை வளர்ச்சி வேறுபாடு, இம்மூன்றிலும் ஒரே அளவில் வெளிப்பட வேண்டியதில்லை. தமிழின் 247 எழுத்துகளைப் பழகக் காலம் பிடித்தாலும், பழகியபின் எழுத்தைக் கண்டு ஒலியை அறிவது பெரும்பாலும் எளிது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளோ நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளைச் சுமப்பதால், தமிழில் ஒருவாறு சமாளித்துவந்த பிள்ளை அங்கேதான் முதன்முதலாகத் தடுமாறக்கூடும் (அதைச் சோம்பல் என்பது அவசரத் தீர்ப்பு). சிங்களத்தின் சிக்கல் வேறு: தமிழில் 'க' ஒன்றே குரல்நாண் அதிரும் ஒலியையும் அதிராத ஒலியையும் இடத்துக்கேற்ப ஏற்க, சிங்களத்தில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. வாசிப்பு ஒரு மொழியில் மட்டும் இடறக்கூடும் என்பதற்குச் சான்றும் உண்டு: ஆங்கிலம் பேசும் பெற்றோருக்குப் பிறந்து ஜப்பானில் வளர்ந்த சிறுவன் ஒருவன், ஆங்கில வாசிப்பில் கடுமையாக இடறியபோதும் ஜப்பானிய மொழியைத் தடையின்றி வாசித்ததை, வைடெல், பட்டர்வேர்த் என்னும் ஆய்வாளர்கள் 1999இல் பதிவுசெய்தனர்.