கீழே படுத்துப் பாருங்கோ

யாழ்ப்பாணம் நீர்வேலியில் எங்கள் வீட்டு முற்றத்தில் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்று நிற்கிறது. விற்கப்போகிறேன். இதுவரை நாலு பேர் வந்து பார்த்துவிட்டார்கள். சுற்றி வந்தார்கள், பச்சைப் பெயின்றைத் தடவினார்கள், படம் எடுத்தார்கள், விலை கேட்டார்கள். ஒருவராவது குனிந்து அடிப்பக்கம் பார்க்கவில்லை. திருத்திப் புதுப்பித்த பழைய வாகனம் ஒன்றை வாங்கும் ஆசை உங்களுக்கும் இருந்தால், இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்பாடு மினி காரை உருவாக்கியவரும் அவர்தான். முதலில் செய்த மாதிரி வண்டி ஒடுக்கமாக அவர் கண்ணுக்குப் பட்டது. நடுவால் இரண்டாக வெட்டச் சொல்லி, இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நாலு அங்குலம் அகலம் கூட்டினார். மைனரின் பொனற்றைப் பார்த்தால் நடுவே தட்டையான பட்டை ஒன்று ஓடும். அந்த நாலு அங்குலத்தின் அடையாளம் அது. என் பிக்கப்பிலும் இருக்கிறது; விரல் வைத்துத் தடவிப் பார்க்கலாம்.

வானும் பிக்கப்பும் 1953இல் வந்தன. காருக்கும் பிக்கப்புக்கும் முகம் ஒன்று, எலும்பு வேறு. மைனர் காருக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது, தகர உடம்பேதான் தன்னைத் தாங்குகிறது. பிக்கப்புக்கோ ஏணி மாதிரி இரும்புச் சட்டம் அடியில் ஓடுகிறது. கால் தொன் பாரம் ஏற்றத்தான் அந்தச் சட்டம். 948 சிசி எஞ்சின், நாலு சில்லுக்கும் ட்ரம் பிறேக். இன்றைய வாகனம் நிற்கும் தூரத்தில் இது நிற்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் தந்தை, ஐயா, இதை 1972இல் பழையதாகத்தான் வாங்கினார். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம்; புது வாகனத்தை நினைத்தும் பார்க்க முடியாது. எங்கள் தோட்டத்து வாழைக்குலைகள் சுன்னாகம் சந்தைக்கு இதில்தான் போயின. தட்டில் முதலில் வாழைச்சருகைக் கனமாகப் பரப்புவார். குலைகளைச் சீப்புப் பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மறுபடி சருகு வைப்பார். பழத்தில் ஒரு கறுப்புப் பட்டாலும் விலை இறங்கிவிடும் என்பதால் மேடு பள்ளத்தில் வண்டியை நடக்க விடுவதுபோல் ஓட்டுவார்.

1990க்குப் பிறகு போர்க்காலத் தடையால் பெற்றோல் வரவில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு என்பதால்தான் அது முடிந்தது. அமுக்கம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் விட்டால் இடி இடித்துக் கெட்டுப்போகும். முழுதாக எரியாத எண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஐயா காலையில் ஒயில் குச்சியை இழுத்து மூக்கருகே வைத்து மணப்பார். மண்ணெண்ணெய் மணம் ஏறியிருந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரினால் வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, அப்பாச்சியையும் இரண்டு நெல்மூட்டையையும் தட்டில் ஏற்றிக்கொண்டு, சனத்துக்குள் அடி அடியாக ஊர்ந்து நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினோம். ஊர் திரும்பியபின் எஞ்சின் இறுகிவிட்டது. வண்டி மாட்டுக்கொட்டிலுக்குப் போனது. ஐயா காலமாகும்வரை அங்கேதான் நின்றது.

பிறகு நான் திருத்தக் கொடுத்தேன். முதலில் போன கராஜ் நாலு மாதத்தில் பளபளவென்று தந்தது. முதல் மாரி மழையோடு கதவின் கீழ்ப்பக்கம் கொப்புளம் போட்டது. திருப்புளியால் கீறினேன், ஓட்டையை மூடிப் பூசிய பட்டி விரல் தடிப்பில் உதிர்ந்தது. உள்ளே தகரமே இல்லை. கட்டிய காசு போனதைவிட, ஐயாவின் வண்டிக்கு அப்படிச் செய்துவிட்டார்களே என்பதுதான் பல நாள் நெஞ்சில் நின்றது.

இரண்டாவதாகப் பார்த்தவர் ஒரு வயதான மெக்கானிக். "அண்ணை, பெயின்ற் கடைசி வேலை. முதல்ல உடம்பைக் கழட்டிச் சட்டத்தைப் பாப்பம்" என்றார். பின் வில்லுத்தட்டுகள் சட்டத்தில் பொருந்தும் இடம் இரண்டு பக்கமும் அரித்திருந்தது. வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்து ஒட்டினார். பதினொரு மாதம் எடுத்தது. உதிரிப்பாகத்துக்கு அவ்வளவு அலையவில்லை. உலகத்தில் 16 இலட்சத்துக்கு மேல் மைனர்கள் செய்யப்பட்டன. பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. தென்னிலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியான பாகங்களும் உண்டு.

வாங்கப் போகிறவர்கள் சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். கதவு விளிம்பு, சில்லுக்கு மேல்வளைவு, தளம் எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. சட்டத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். முன்சில்லை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுவது எல்லாவற்றிலும் முக்கியம். மைனரில் சில்லைத் திருப்பும் தண்டு மரையில் சுழல்கிறது. கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்று, ஓடும்போதே சில்லு உள்ளே மடிந்துவிடும். மாதம் ஒருமுறை நான் கிறீஸ் அடிக்கிறேன். இந்த வண்டியில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கிறது. அது தெரியாமல் ரேடியோவைப் பூட்டினால் எரிந்துபோகும். சேசிஸ் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

எனக்கு முழங்கால் போய்விட்டது, கிளச் மிதிக்க ஏலாது. பிள்ளைகள் வெளிநாட்டில். விருந்தினர் விடுதி வாசலில் பூச்சட்டி வைக்கக் கேட்டு ஒருவர் கூடுதல் விலை சொன்னார், கொடுக்கவில்லை. பாரம் ஏற்ற வைத்திருப்பவருக்கு விலை குறைக்கவும் சம்மதம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் வீட்டில் நிற்பேன். பழைய உடுப்போடு வாருங்கள். படுத்துப் பார்க்கச் சாக்கு விரித்து வைத்திருக்கிறேன்.