இகழ்ந்து நோக்கிய படமும் எய்திய உவகையும்

ஒரு நூலையோ, நாடகத்தையோ, படத்தையோ காண்பதற்கு முன்னரே அதன் தகுதியை முடிவு கட்டிவிடும் வழக்கம் கற்றோர்பால் மிகுதி. கல்லாதார் கண்ட பின்னர்க் கருத்துரைப்பர். கற்றாருட் சிலரோ பெயரைக் கேட்ட அளவிலேயே தீர்ப்பு வழங்கிவிடுவர். இக்குற்றம் எம்பாலும் உண்டென்பதை 'மின்னல் முரளி' என்னும் மலையாளப் படம் எமக்கு உணர்த்தியது. அஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அப்படம் எம்மைக் கவர்ந்ததற்குரிய காரணங்களையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

'சூப்பர் ஹீரோ' என வழங்கப்படும் அதிவீரர் கதைகள் அமெரிக்க நாட்டிலே வளர்ந்தவை. ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இளைஞர் இருவர் படைத்த 'சூப்பர்மேன்', 1938ஆம் ஆண்டு ஜூன் மாதமிட்ட 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் தோன்றினான். அவனுக்குப் பின் வந்தோர் பலர். மனித இயல்புக்கு மேற்பட்ட ஆற்றல், மறைத்த முகம் அல்லது மறைத்த பெயர், தனக்கென ஓர் உடை, தனக்கு நிகரான ஒரு பகைவன் ஆகிய நான்கும் இவ்வகைக் கதைகளுக்குப் பெரும்பாலும் உரிய உறுப்புக்கள் எனலாம். தமிழ்ச் சிறுவர்க்கும் இச்சுவை புதிதன்று. 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் வாயிலாக 'இரும்புக்கை மாயாவி' நம் வீடுகளுட் புகுந்தான். பாடப் புத்தகத்தினுள் அவனை ஒளித்து வைத்துப் படித்தோருள் யாமும் ஒருவேம்.

எனினும், வயது ஏற ஏற இவ்வகைப் படங்கள் எமக்குச் சலிப்பையே தந்தன. வானளாவிய மாடங்கள் இடிந்து வீழ்தலும், வீரன் பறந்து வந்து உலகைக் காத்தலும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. தமிழில் 2012இல் வெளியான 'முகமூடி'யும் எம் உள்ளத்தில் நிலைபெறவில்லை. ஆகவே, இத்துறையில் இனிக் காணத்தக்கது யாதுமில்லை என்று உறுதி செய்திருந்தோம்.

இந்நிலையில், விடுமுறையொன்றில் வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த எம் சிற்றூருக்குச் சென்றிருந்தோம். 2021 டிசம்பர் 24ஆம் நாள் நெட்பிளிக்ஸ் வாயிலாக வெளியான 'மின்னல் முரளி'யின் தமிழ் வடிவத்தை எம் தமக்கையின் மக்கள் முன்னரே இருமுறை கண்டிருந்தனர். மூன்றாம் முறை காண அமர்ந்தபோது எம்மையும் அழைத்தனர். யாம் நகைத்தோம். “மாமா, அரைமணி நேரம் மட்டும் பாருங்கள், பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுங்கள்” என்றான் இளையவன். பாகூரிற் பிறந்து வளர்ந்தவரும், திரௌபதியம்மன் திருவிழாக் கூத்துக்களை விடிய விடியக் கண்டு பழகியவருமாகிய எம் அன்னையாரும் சுவரிற் சாய்ந்து அமர்ந்தார். உறக்கம் வந்துவிடும் என்னும் நம்பிக்கையோடு யாமும் அமர்ந்தோம்.

உறக்கம் வரவில்லை. பேசில் ஜோசப் இயக்கிய இப்படத்தின் நிகழ்ச்சிகள் பெருநகரில் நடைபெறவில்லை. குறுக்கன்மூலை என்னும் கற்பனைச் சிற்றூரிலே நடைபெறுகின்றன. டொவினோ தாமஸ் நடித்த கதைத் தலைவன் ஜெய்சன் ஒரு தையற்காரன். எப்படியேனும் அமெரிக்கா சென்றுவிட வேண்டுமென்பதே அவன் வேட்கை. ஓரிரவு மின்னல் தாக்கி, இறவாது பிழைத்து, அரிய ஆற்றல் பெறுகின்றான். அவ்வாற்றலைக் கொண்டு என் செய்வதென்று அவனுக்கே விளங்கவில்லை. படக்கதை படிக்கும் மருமகச் சிறுவனே அவனுக்கு ஆசானாகின்றான். முகத்தை மறைக்க முதலிற் கிட்டுவதும் ஒரு துண்டே. கோயிலும், மாதா கோயிலும், தேநீர்க் கடையும், திருவிழாவும் அமைந்த அவ்வூர் எமக்கு அயலூராகத் தோன்றவில்லை. திருக்காமீசுவரர் தேர்த் திருவிழாவையும், லூர்து மாதா திருத்தலத்துக் கொடியேற்றத்தையும் ஒருங்கே தன்பாற் கொண்டுள்ள வில்லியனூரார்க்கு அஃது எங்ஙனம் அயலூராகும்? உலகம் முழுவதும் அழியும் என்று அச்சுறுத்தும் படங்களில் எவர் அழிகின்றார் என்பது நமக்குத் தெரிவதில்லை. ஓர் ஊர் அழியும் என்னும்போதோ, அத்தெருவில் இருப்போர் அனைவரையும் நாம் அறிவோம், நெஞ்சு துணுக்குறுகின்றது.

இதனினும் பெரிய காரணம் பகைவனாகிய ஷிபுவின் படைப்பு. அதே மின்னல் அவனையும் தாக்குகின்றது. அவன் தேநீர்க் கடையில் ஊழியஞ் செய்பவன்; ஊராராற் பித்தன் என்று ஒதுக்கப்பட்டவன். உஷா என்னும் பெண்ணைப் பல்லாண்டாகத் தன்னுள்ளே விரும்பி வருபவன். நோயுற்ற அவள் மகளின் அறுவைச் சிகிச்சைக்காகவே வங்கியைக் கொள்ளையிடுகின்றான். அவன் அன்பை அவள் ஏற்றுக்கொண்ட பின்னர், ஊரார் செயலால் மூண்ட தீயில் அவளை இழக்கின்றான். அதன்பின் அவன் சினத்துக்கு எல்லையில்லை. உஷா தன்னை ஏற்ற பொழுதில் ஷிபு அழுகையும் நகைப்பும் கலந்து நின்ற காட்சியைக் கண்டு, “பாவம், கர்ணன் மாதிரி இருக்கிறானே!” என்றார் எம் அன்னையார்.

அவ்வொரு சொல்லே எமக்கு விளக்காயிற்று. கர்ண மோட்சக் கூத்தில், தோற்பவன் கர்ணன் என்பதைக் காண்போர் அனைவரும் அறிவர். ஆயினும், போருக்குப் புறப்படுமுன் பொன்னுருவியிடம் அவன் விடைபெறுகையில் கண் கலங்காதார் இலர். வென்றவன் பக்கம் அறமும், தோற்றவன் பக்கம் கண்ணீரும் நிற்கும் கதையைக் கூத்துப் பார்த்தோர் நெடுநாளாகவே அறிந்துள்ளனர். புதுமை என்று யாம் வியந்தது அன்னையார்க்குப் பழமையாக இருந்தது.

பின்னர் ஆராய்ந்தபோது அவ்வொப்புமைக்கு அடிப்படையும் உண்டெனக் கண்டோம். ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரம் தமிழர். 'ஆரண்ய காண்டம்', 'ஜோக்கர்' (2016) ஆகிய தமிழ்ப் படங்களில் நடித்தவர். சென்னையிலுள்ள கூத்துப்பட்டறையிற் பயின்றவர். அப்பட்டறையை நிறுவிய ந. முத்துசாமி (மறைவு 2018) தெருக்கூத்தின் ஆற்றலை உணர்ந்து, புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் முதலிய கூத்துக் கலைஞர்பாற் கற்று, அதனை இக்கால நாடகத்துக்கு உரமாக்கியவர். ஆகவே, எம் அன்னையார் அந்நடிப்பிற் கர்ணனைக் கண்டது வியப்பன்று.

குற்றமே இல்லாத படம் என்று யாம் கூறவில்லை. போலீசார் பற்றிய நகைச்சுவை நீள்கின்றது. கராத்தே பயிற்றும் பிஜி என்னும் பெண்ணுக்கு அவள் திறமைக்கேற்ற பங்கு அளிக்கப்படவில்லை. ஷிபுவின் துயரம் அவன் செய்த கொலைகளுக்கு நியாயமாகாது. படமும் அவ்வாறு வாதிக்கவில்லை. ஆனால், ஊரார் இகழ்ச்சி இல்லாதிருப்பின் அவன் அந்நிலை எய்தியிருப்பானோ என்னும் வினாவை எழுப்பிவிட்டு முடிகின்றது.

அவ்வினா எம்மை விடவில்லை. எம் தெருமுனைத் தேநீர்க் கடையில் குவளை கழுவும் ஒருவர் உளர். பத்தாண்டாக அவர் கையால் தேநீர் பருகியும் அவர் பெயரை யாம் கேட்டதில்லை; பிறரைப் போலவே “இந்தாப்பா” என்றே அழைத்து வந்தோம். மறுநாட் காலை பெயரைக் கேட்டோம். அவர் சற்றே திகைத்தார். கைகளைத் துடைத்துக்கொண்டு பெயரைக் கூறினார். கேளாமலே தம் சொந்த ஊரையும் கூறினார்.

மாணவ நண்பர்களே! படத்தைக் காணாமலே இகழ்ந்தால் ஓரிரவின் இன்பம் மட்டுமே நம்மைவிட்டு நீங்கும். மனிதரை அங்ஙனம் இகழ்வதால் விளையும் இழப்பு அவ்வளவிற் சிறியதன்று. அரைமணி நேரம் பாருங்கள் என்று எம் மருமகன் கூறிய அறிவுரையை யாம் இப்பொழுது இரண்டிடத்தும் கடைப்பிடித்து வருகின்றோம்.