பல்பை மாற்றினால் ஒளி பெருகுமா?

சூரியன் மறைந்த பிறகு சைக்கிளில் பிரயாணம் செய்ய நேர்ந்தவர் எவருக்கும், தம்முடைய விளக்கு இன்னும் சற்றுப் பிரகாசமாக எரியலாகாதா என்ற ஆசை எழாமல் இராது. அந்த ஆசையோடு கடைக்குச் சென்று, இருப்பதைவிடப் பெரிய வாட் எண் பொறித்த பல்பு ஒன்றை வாங்கி, பழையதைத் திருகிக் கழற்றிய இடத்தில் அதை மாட்டிவிட்டு, முன்பிருந்த வெளிச்சமும் போய்ச் செம்மை படர்ந்த மங்கல் ஒன்றே மிஞ்சுவதைக் கண்டு, விற்றவரை நொந்துகொள்வோர் உண்டு. குற்றம் விற்றவருடையதும் அன்று, பல்பினுடையதும் அன்று. சைக்கிள் விளக்கு என்பது மின்சாரத்தை உண்டாக்கும் டைனமோ, அதைக் கொண்டுசெல்லும் ஒயர், ஒளியாக மாற்றும் பல்பு, அவ்வொளியைத் திரட்டிச் சாலையில் செலுத்தும் ரிஃப்ளெக்டர் ஆகிய நான்கும் கூடி நடத்தும் காரியம். அவற்றுள் ஒன்றை மட்டும் உயர்த்திவிட்டு மற்ற மூன்றையும் கவனியாதிருந்தால் பலன் கிட்டாது.

எண்ணெய் விளக்கும், கால்சியம் கார்பைடின்மீது நீர் சொட்டச் சொட்ட எழும் அசிட்டிலீன் வாயுவை எரித்த கார்பைடு விளக்கும் வழக்கொழிந்த பிறகு, விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ்காரர் நிறுத்திவிடுவார் என்ற அச்சம் நிலவிய காலத்திலும் அதன் பின்னும், நம் ஊர்களில் இரவுப் பிரயாணிக்குத் துணையாக இருந்தது டயரின் பக்கத்தில் உரசிச் சுழலும் டைனமோவே. காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையே அசைவு இருந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மைதான், அந்தச் சிறு யந்திரத்துக்குள் அடங்கியிருக்கிறது. சைக்கிள் டைனமோக்களில் பரவலாக வழங்குவது 6 வோல்ட், 3 வாட் என்ற அளவு. அதில் முன்விளக்குக்கு 2.4 வாட்டும் பின்விளக்குக்கு 0.6 வாட்டும் பங்கிடப்படுகின்றன.

இங்கே கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. சக்கரம் வேகமாகச் சுழலச் சுழல டைனமோவின் மின்னழுத்தம் உயர முற்பட்டாலும், வேகத்தோடு கூடவே அதன் சுருள் தன்னுள் ஓடும் மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் தடையும் வளர்ந்துவிடுவதால், ஓட்டம் ஏறத்தாழ அரை ஆம்பியர் அளவிலேயே நின்றுவிடுகிறது. 6 வோல்ட்டில் 6 வாட் என்று குறிக்கப்பட்ட பல்போ ஒரு முழு ஆம்பியரைக் கேட்கிறது. ஒரு காணிக்குப் போதுமான மடைநீரை நான்கு காணியில் பரப்பினால் எந்தப் பயிரும் நனையாதது போல, கிடைக்கும் அரை ஆம்பியர் அந்தத் தடித்த இழையை வெண்மை ஏறும்வரை சூடாக்கப் போதாமல், அது சிவந்த நிலையிலேயே தங்கிவிடுகிறது. ஆகையால், டைனமோ விளக்கில் வாட் எண்ணை உயர்த்துவது ஒளியை உயர்த்தும் வழியாகாது.

அப்படியானால் உயர்த்த வேண்டியது எதை? அதே 2.4 வாட் அளவுக்குள் கூடுதலான ஒளியைத் தரும் பல்பையே நாட வேண்டும். ஹாலஜன் பல்பு அத்தகையது. சாதாரணப் பல்பில் உஷ்ணத்தால் ஆவியாகும் டங்ஸ்டன், கண்ணாடியின் உட்புறத்தில் கரும்படலமாகப் படிந்து ஒளியை மறைக்கிறது. ஹாலஜன் பல்பிலோ, உள்ளே அடைக்கப்பட்ட அயோடின் அல்லது புரோமின் சேர்ந்த வாயு, ஆவியான டங்ஸ்டனோடு கூடி அதைத் திரும்பவும் இழைக்கே கொண்டு சேர்ப்பதால், கண்ணாடி தெளிவாக இருக்கவும் இழை மேலும் அதிக உஷ்ணத்தில் எரியவும் முடிகிறது. இழைப் பல்பின் சுபாவத்தில் மற்றொன்றும் உண்டு: மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும்; பத்தில் ஒரு பங்கு கூடினாலோ, ஒளி பெருகினாலும் பல்பின் ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பின்விளக்கின் பல்பு ஃபியூஸ் ஆனதைக் கவனியாமல் இறக்கத்தில் வேகமாகச் செல்பவருடைய முன்விளக்கு, பின்விளக்கின் பங்கு மின்சாரத்தையும் தானே பெற்றுச் சில கணம் ஜொலித்து, பிறகு அணைந்துபோவதன் காரணம் இதுவே.

எந்தப் பல்பையும் மாற்றுவதற்கு முன் செய்யவேண்டிய எளிய காரியம் ஒன்று இருக்கிறது. அதில் கிடைக்கும் பலனைக் கண்டவர்கள் வியப்பார்கள். பழைய விளக்குகளில் டைனமோவிலிருந்து ஒரே ஒரு ஒயர்தான் விளக்குக்குச் செல்லும். மின்சாரம் திரும்பி வரும் வழி சைக்கிளின் இரும்புச் சட்டமே. விளக்கைத் தாங்கும் கிளாம்புக்கும் சட்டத்துக்கும் இடையே பெயிண்டோ துருவோ இருந்தால் அந்த எர்த் தடைப்பட்டு, ஒளி துடித்துத் துடித்து மங்கும். உப்புத்தாளை எடுத்து, நட்டு இறுகும் இடத்தில் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பல்பின் அடியிலுள்ள ஈயப்பொட்டில் படிந்த கருமையையும் அவ்வாறே சுரண்டிவிட்டு, முடிந்தால் டைனமோவுக்கும் விளக்குக்கும் இடையே இரண்டாவது ஒயர் ஒன்றையும் இழுத்துவிட்டால், பழைய பல்பே புதிய பல்பைப்போல எரிவதைக் காணலாம்.

இனி, நம் காலத்துக்கு உரியதான எல்.ஈ.டி.யைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீல ஒளி தரும் எல்.ஈ.டி.யை உருவாக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது; அந்த நீல ஒளியின்மீது மஞ்சள் ஒளிரும் பூச்சை இட்டதே இன்றைய வெள்ளை விளக்கு. ஒரு வாட் மின்சாரத்துக்கு இழைப் பல்பு 20 லூமெனைக்கூட எட்டாத இடத்தில், நல்ல எல்.ஈ.டி. 100 லூமெனுக்கு மேல் தருகிறது. ஆனால் டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், எல்.ஈ.டி. ஏற்பதோ ஒரே திசையில் ஓடுவது. ஆகையால், திசையை ஒழுங்குபடுத்தும் ரெக்டிஃபையர் உள்ளே அமைந்த, டைனமோவுக்கென்றே செய்யப்பட்ட விளக்கைத்தான் வாங்க வேண்டும். மின்சாரத்தைச் சேமிக்கும் கெபாசிட்டரும் அதில் இருந்தால், சைக்கிள் நின்ற பிறகும் சில நிமிஷம் விளக்கு எரியும்.

பழைய விளக்கின் கூட்டுக்குள் எல்.ஈ.டி. பல்பை மட்டும் திருகுவதில் ஓர் அபாயமும் உண்டு. ரிஃப்ளெக்டரின் வளைவு, அதன் குவியத்தில் நிற்கும் சிறு இழையைக் கருதி வகுக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் சில மில்லிமீட்டர் முன்னோ பின்னோ விலகினாலும், கற்றையாகச் செல்ல வேண்டிய ஒளி நாற்புறமும் சிதறி, மரக்கிளைகளையும் எதிரே வருபவரின் முகத்தையும் நன்றாகக் காட்டிவிட்டுச் சாலையின் பள்ளத்தை மட்டும் காட்டாமல் விட்டுவிடும். தூரமும் தன் பங்குக்கு ஒளியைக் குறைக்கிறது: விளக்கிலிருந்து இருமடங்கு தூரத்திலுள்ள பொருளின்மேல் முன்போலவே வெளிச்சம் விழ வேண்டுமானால், நான்கு மடங்கு ஒளி தேவை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், கண்டு பிரேக் பிடிக்க ஒரு வினாடி கொண்டாலும், ஈரமில்லாத சாலையில் நிற்பதற்குள் ஏறக்குறைய 11 மீட்டர் கடந்துவிடுவார். 30 கிலோமீட்டர் வேகமானால் அது 20 மீட்டர் ஆகும். ஆகவே நமக்கு வேண்டியது கண்ணைப் பறிக்கும் பிரகாசமன்று; அந்தத் தூரம்வரை தரையில் சென்று படியும் ஒளியே.

ஜெர்மனியின் வாகன விதிகளுள் 67-ஆம் பிரிவு, சைக்கிளின் முன்விளக்கு பிறருடைய கண்ணைக் கூசச் செய்யாதபடி அமைந்திருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அத்தகைய சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், அந்த நியாயம் எல்லா நாட்டுக்கும் பொதுவானது. ஏனெனில் கண் கூசி வழி தவறும் மனிதர் முதலில் மோதுவது நம்மீதே ஆகும். புதிய விளக்கை மாட்டியவர், இருட்டிய பிறகு ஒரு நண்பரை எதிர்த்திசையிலிருந்து நடந்துவரச் சொல்லி, அவர் கையைக் கண்ணுக்குக் குடையாகப் பிடிக்க நேர்ந்தால் கிளாம்பின் நட்டைத் தளர்த்தி விளக்கைச் சற்றே கீழே சாய்த்து, ஒளியின் நடுப்பகுதி சுமார் பத்து மீட்டர் தள்ளித் தரையில் விழும்படி இறுக்கிவிட வேண்டும். தாம் காணவும், பிறரைக் கூசச் செய்யாமல் பிறர் தம்மைக் காணவும் உதவுவதே சைக்கிள் விளக்கின் தர்மம். பல்பின்மேல் எத்தனை வாட் பொறித்திருந்தாலும், இந்த இரண்டையும் நிறைவேற்றுவதே பிரகாசமான விளக்கு.