மானிடவியலில் முனைவர் பட்டம்: பதிவு செய்யும் முன்

மானிடவியலில் பிஎச்.டி. செய்ய வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வருஷம் ஆகும்?" என்பதுதான். குறைந்தது மூன்று ஆண்டு என்கிறது யு.ஜி.சி. ஆனால் இந்தத் துறையில் ஓராண்டாவது மக்களோடு தங்கி, அவர்கள் பேச்சைப் பழகி, பார்த்ததையும் கேட்டதையும் அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். ஆகவே ஐந்தாறு ஆண்டு என்று மனத்தில் வைத்துக்கொண்டு குடும்பத்தாரிடம் பேசுவதே நல்லது.

2022 நவம்பரில் வெளியான யு.ஜி.சி. ஒழுங்குமுறைதான் இப்போது நடைமுறையில் இருக்கிறது. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்; பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. நான்கு ஆண்டு இளங்கலையில் 75 விழுக்காடு எடுத்தவர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணைக் கொண்டே பிஎச்.டி. சேர்க்கை நடத்தலாம் என்றாகிவிட்டது. ஆய்வை முடிக்க உச்சவரம்பு ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் ஊனமுள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு கிடைக்கும். மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் விடுப்பு உண்டு. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறும் பெண், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, செய்த ஆய்வோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். இவற்றைத் துறை அலுவலகம் தானாகச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும்.

தலைப்பைவிட நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் கவனம் வேண்டும் என்பேன். பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் மட்டுமே வழிநடத்தலாம். ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை ஏற்கக் கூடாது. நீங்கள் நெறியாளராக நினைப்பவரிடம் ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் வைவா முடித்தார்கள் என்று விசாரியுங்கள். ஷோத்கங்கா தளத்தில் அவர் பெயரைத் தேடினால் அவர் மேற்பார்வையில் வந்த ஆய்வேடுகள் கிடைக்கும்.

உதவித்தொகை பெறுகிறவருக்கு நெறியாளரின் கையெழுத்து என்பது மாதச் சம்பளம் மாதிரி. ஜே.ஆர்.எஃப். இப்போது மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அது கணக்கில் ஏற, ஆய்வு தொடர்கிறது என்று பல்கலைக்கழகம் உறுதி செய்ய வேண்டும். இந்தக் கையெழுத்துக்குப் பயந்துதான் பலர் விடைத்தாள் திருத்துகிறார்கள், கருத்தரங்குக்கு நாற்காலி போடுகிறார்கள், ரயில் டிக்கெட் எடுத்துத் தருகிறார்கள். இதற்கு ஒரு தற்காப்பு உண்டு. ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் பருவத்துக்கு ஒருமுறை உங்கள் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டம் நடந்ததா, யார் யார் கையெழுத்திட்டார்கள் என்பதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் ஆண்டில் "இவர் ஒன்றுமே செய்யவில்லை" என்று குறிப்பு எழுதப்படும்போது, உங்கள் பக்கம் பேசுவது அந்தத் தாள்கள்தாம்.

களப்பணிக்கு அனுமதி வேண்டும். முதுமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை போன்ற புலிகள் காப்பகங்களுக்குள் இருக்கும் குடியிருப்புகளில் ஆய்வு செய்ய வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. அது வர மாதக்கணக்காகலாம். கோர்ஸ் ஒர்க் நடக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அந்தமானின் பழங்குடிக் காப்பகப் பகுதிகளுக்குள் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி அனுமதியின்றிக் காலடி வைப்பதே குற்றம். நாகாலாந்து, மிசோரம், அருணாசலம், மணிப்பூர் என்றால் உள்கோட்டு அனுமதிச் சீட்டு வேண்டும்.

உரிமை என்றால் மாணவருடையது மட்டும்தானா? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டி, "சும்மா ஒரு கைநாட்டு வைங்க பாட்டி" என்று வாங்குவது ஒப்புதல் ஆகாது. எதற்காகக் கேட்கிறோம், எங்கே அச்சாகும், வேண்டாம் என்று எப்போது சொல்லலாம் என்பதை அவர் மொழியில் சொல்லியிருக்க வேண்டும். உடல்சார் மானிடவியலில் ரத்தம், உமிழ்நீர் எடுப்பவர்கள் 2017ஆம் ஆண்டு ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைப்படி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும்.

அகத்தியமலைக் காணிப் பழங்குடியினரின் கதை இங்கே சொல்லத் தக்கது. 1987இல் கேரளப் பகுதியில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணிகள் களைப்பு தெரியாமல் இருக்க ஒரு செடியின் காயைத் தின்றார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து உருவான 'ஜீவனி' மருந்துக்கான உரிமம் கோவையைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, அதைப் பெற 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் வந்தது. இந்தப் பங்கீட்டிலும் குறை சொன்ன காணிகள் உண்டு. உங்கள் களக்குறிப்பில் ஒரு வரியாகப் போகும் மூலிகைத் தகவலுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கலாம். உயிரிவளம் பற்றிய ஆய்வு முடிவை வெளிநாட்டவருக்குக் கைமாற்ற, 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும்.

களத்தில் பாலியல் தொந்தரவு நேர்ந்தால், "அது கேம்பஸுக்கு வெளியே நடந்தது" என்று கைகழுவ முடியாது. 2015ஆம் ஆண்டு யு.ஜி.சி. ஒழுங்குமுறையில் வளாகம் என்ற வரையறைக்குள் களப்பயணம் நடக்கும் இடமும் வருகிறது. உள்ளகப் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மற்றக் குறைகளுக்கு 2023ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகள் இருக்கின்றன. நிர்வாகம் அசல் சான்றிதழைத் தர மறுக்கலாம், உதவித்தொகையை இழுத்தடிக்கலாம், ஆய்வேட்டை மதிப்பிடாமல் போட்டு வைக்கலாம் (சமர்ப்பித்த ஆறு மாதத்தில் வைவா உட்பட எல்லாம் முடிய வேண்டும்). அப்போது மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதுங்கள். அதன் முடிவு திருப்தியாக இல்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர் அலுவலரான ஆம்பட்ஸ்பர்சனிடம் முறையிடலாம். வாய்வார்த்தையாகச் சொன்ன புகார் எங்கும் பதிவாவதில்லை.

இனி, ஏமாற வேண்டாத இரண்டு. தொலைநிலையில், ஆன்லைனில் பிஎச்.டி. என்று விளம்பரம் வந்தால் விலகிவிடுங்கள். விதிகள் அதை ஏற்பதில்லை. அடுத்தது, பணம் கட்டினால் பட்டம் என்ற ரகம். விதிகளைப் பின்பற்றாமல் பட்டம் வழங்கியதாக ராஜஸ்தானின் ஓ.பி.ஜே.எஸ்., சன்ரைஸ், சிங்கானியா ஆகிய மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் 2025-26 முதல் ஐந்தாண்டுக்கு பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்க யு.ஜி.சி. தடை விதித்தது. ஆய்வேட்டை எழுதித் தரும் கடைகளும் இதே ரகம்தான். கருத்துத் திருட்டு 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

கடைசியாக வேலை. சென்னைப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் என்று இந்தத் துறை இருக்கும் இடங்கள் நம் பக்கம் மிகக் குறைவு. பெரும்பாலான கலைக் கல்லூரிகளில் மானிடவியல் துறையே கிடையாது. இந்திய மானிடவியல் மதிப்பாய்வகம், அருங்காட்சியகங்கள், பொதுச் சுகாதாரத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், நிறுவனங்களின் பயனர் ஆய்வுப் பிரிவுகள் ஆகியவை மற்ற வாசல்கள். இவற்றில் பல பணிகளுக்கு முதுகலையே போதும். உதவிப் பேராசிரியர் ஆவதற்கும் 2023 ஜூலை 1 முதல் நெட், செட், ஸ்லெட் இவற்றில் ஒன்றே குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை. வேலை மட்டுமே நோக்கம் என்றால் நெட் எழுதுங்கள். ஒரு மக்கள் குழுவைப் பற்றி ஐந்தாறு ஆண்டு விடாமல் கேட்க உங்களிடம் கேள்வி இருந்தால் மட்டும் பதிவு செய்யுங்கள்.