600 வாட்ஸ்னு போட்டிருந்தாங்க... பெட்டிக்குள்ள இருந்தது 50! ஆன்லைனில் சவுண்ட் பார் வாங்கியவருக்கு நடந்தது என்ன? பணத்தை திரும்பப் பெறுவது எப்படி?

மதுரையைச் சேர்ந்த 46 வயது அச்சக ஊழியர் அவர். வீட்டில் 74 வயது அம்மா. டிவியில் சீரியல் ஓடினால், "என்னப்பா சொல்றா அவ?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அம்மா கேட்பார். சவுண்டை கூட்டினால் பின்னணி இசைதான் காதைப் பிளக்கிறது, பேச்சு புரிவதில்லை. தீபாவளி சேலில் அம்மாவுக்காக ஒரு சவுண்ட் பார் வாங்குவது என்று முடிவு செய்தார்.

ஆன்லைன் எலெக்ட்ரானிக்ஸ் தளம் ஒன்றில் கண்ணில் பட்டது அந்த மாடல். சவுண்ட் பாரும் தனியாக ஒரு சப்வூஃபரும். மேலே பெரிய எழுத்தில் '600 வாட்ஸ்'. கீழே சிவப்பில் 'இன்னும் 2 மட்டுமே உள்ளது'. விலை 13,499 ரூபாய். யுபிஐ-யில் பணம் கட்டிய பிறகுதான் கவனித்தார், கணக்கில் போயிருந்தது 14,498 ரூபாய். 999 ரூபாய்க்கு 'கூடுதல் வாரன்டி' ஒன்று தானாகவே டிக் ஆகி இருந்திருக்கிறது.

அவர் மாதச் சம்பளத்தில் பாதிக்கும் மேல் அது.

முதல் நாள்: தப்பு யார் பக்கம்?

பார்சல் வந்த அன்று மாலையே மாட்டினார். ஹெச்டிஎம்ஐ கேபிளை டிவியில் சொருகினார். சத்தமே வரவில்லை. 'ஏமாத்திட்டாங்க' என்று உடனே ரிட்டர்ன் பட்டனைத் தேடியிருக்கிறார்.

இந்த இடத்தில் தவறு அவருடையதுதான். டிவியில் இருக்கும் எல்லா ஹெச்டிஎம்ஐ போர்ட்டும் ஒன்றல்ல. டிவியில் ஓடும் சத்தத்தை வெளியே ஸ்பீக்கருக்கு அனுப்ப, 'ஏஆர்சி' அல்லது 'இ-ஏஆர்சி' என்று எழுதியிருக்கும் போர்ட் வேண்டும். பெரும்பாலான டிவிகளில் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அவர் சொருகியது ஹெச்டிஎம்ஐ 1. ஏஆர்சி இருந்தது 2-ல். மாற்றிச் சொருகி, செட்டிங்ஸில் சத்தம் போகும் வழியை டிவி ஸ்பீக்கரில் இருந்து வெளி ஸ்பீக்கருக்கு மாற்றியதும் பேச ஆரம்பித்தது. ஏஆர்சி இல்லாத பழைய டிவி என்றால் ஆப்டிகல் கேபிள் போதும். சில பெட்டிகளில் அந்தக் கேபிளை வைப்பதே இல்லை, வாங்கும் முன்பு பார்த்துக்கொள்வது நல்லது.

சத்தம் வந்தது. கூடவே இன்னொரு சத்தமும் வந்தது. சப்வூஃபரில் இருந்து விடாமல் 'ங்ங்ங்...' என்று ஒரு ரீங்காரம். ராத்திரி தூங்கும்போது பக்கத்து அறைக்குக் கேட்கிற அளவுக்கு.

முதல் முறை அவசரப்பட்டவர், இந்த முறை நிதானமாகச் சோதித்தார். டிவியில் இருந்து கேபிளை முழுவதுமாகக் கழற்றினார். போனில் ப்ளூடூத் மட்டும் இணைத்து, பாட்டு எதுவும் போடாமல், வால்யூமை பூஜ்யத்தில் வைத்தார். அப்போதும் ரீங்காரம். வேறு அறையில், வேறு பிளக்கில் போட்டார். அங்கேயும் அதே. ஆக டிவியிலோ, கேபிளிலோ, அந்த ஒரு பிளக்கிலோ பிரச்னை இல்லை. இதை அப்படியே வீடியோ எடுத்து வைத்தார். பின்னால் அவரைக் காப்பாற்றியது அந்த 40 விநாடி வீடியோதான்.

அந்த 600 வாட்ஸ் எங்கே போச்சு?

ரீங்காரத்துக்குக் காரணம் தேடி பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அடுத்த அதிர்ச்சி. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில், 'மொத்தம் 50 வாட்ஸ் ஆர்எம்எஸ்'.

ஆர்எம்எஸ் என்பது ஒரு ஆம்ப்ளிஃபயர் தொடர்ச்சியாகக் கொடுக்கக்கூடிய சக்தி. 'பிஎம்பிஓ', 'பீக் பவர்' என்று போடுவது, ஒரு கண நேரத்துக்கு எட்டக்கூடும் என்று கம்பெனியே சொல்லிக்கொள்ளும் உச்ச எண். பிஎம்பிஓவை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொதுவான முறையே கிடையாது. அதனால்தான் உள்ளங்கை அகல ஸ்பீக்கர் மீதுகூட ஆயிரக்கணக்கில் வாட்ஸ் எழுத முடிகிறது.

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியராக இருக்கத் தேவையில்லை. அடாப்டரில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்தால் போதும். 'அவுட்புட்' என்று இருக்கும் வரியில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்க வேண்டும். இவருடைய அடாப்டரில் 18 வோல்ட், 3.5 ஆம்பியர். பெருக்கினால் 63 வாட்ஸ். உள்ளே போவதே 63 வாட்ஸ் என்றால் வெளியே 600 வாட்ஸ் தொடர்ந்து எப்படி வரும்? உள்ளே போவதிலும் ஒரு பகுதி சூடாகத்தான் வீணாகிறது. அடாப்டர் இல்லாமல் நேரடியாகப் பிளக்கில் மாட்டும் மாடல் என்றால், பின்பக்க ஸ்டிக்கரில் அது எத்தனை வாட்ஸ் மின்சாரம் இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்க்கலாம்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 50 வாட்ஸ் என்பது ஒரு சாதாரண ஹாலுக்கு குறைவே இல்லை. சத்தம் நம் காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய, வாட்ஸ் சுமார் 10 மடங்காக வேண்டும். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். ஆக நிஜமான 600 வாட்ஸே வந்திருந்தாலும், வீடு அதிரும் அளவுக்கெல்லாம் வித்தியாசம் இருக்காது.

அம்மாவுக்குத் தேவைப்பட்டது வாட்ஸே இல்லை என்பதுதான் இதில் வேதனை. மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்நோக்கியோ, பின்பக்கமாகவோ இருக்கும். பேச்சு நம்மை நோக்கி வருவதில்லை, சுவரில் பட்டு வருகிறது. சினிமாவின் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கும். அதை இரண்டு சேனலாகச் சுருக்கும்போது பின்னணி இசை அதை அமுக்கிவிடும். வயதானவர்களுக்குப் பேச்சு புரிய வேண்டும் என்றால், நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள 3.1 போன்ற மாடலோ, பேச்சை மட்டும் தூக்கிக் காட்டும் டயலாக் மோட் உள்ள மாடலோ பார்க்க வேண்டும். இவர் வாங்கியது 2.1. நடு ஸ்பீக்கரும் இல்லை, அந்த மோடும் இல்லை.

"சரியாத்தான இருக்கு சார்!"

ரிப்ளேஸ்மென்ட் கேட்டார். இந்தப் பொருளுக்கு '7 நாள் ரிப்ளேஸ்மென்ட் மட்டும், ரீஃபண்ட் கிடையாது' என்றது தளம். அதற்கும் முதலில் டெக்னீஷியன் வந்து பார்க்க வேண்டுமாம். டெக்னீஷியன் வந்தது ஆறாவது நாள் மதியம்.

வந்தவர் ஒரு குத்துப் பாட்டைப் போட்டார். "நல்லா அடிக்குது சார், சரியாத்தான இருக்கு!" என்றார். பாட்டு ஓடும்போது ரீங்காரம் எப்படிக் கேட்கும்? பாட்டை நிறுத்திக் காட்டுவதற்குள் அவர் போனில் 'குறை எதுவும் இல்லை' என்று பதிவு செய்துவிட்டார். அன்று மாலை ஆப்பில் பச்சை நிறத்தில் வந்தது, 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது'. எட்டாவது நாள் ரிப்ளேஸ்மென்ட் பட்டனே காணாமல் போனது.

கோபத்தில் இணையத்தில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி, முதலில் வந்த எண்ணுக்கு அடித்திருக்கிறார். எடுத்தவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "ரீஃபண்டுக்கு ஒரு ஆப் இன்ஸ்டால் பண்ணுங்க சார், அப்புறம் 5 ரூபாய் மட்டும் அனுப்புங்க." ஆப், போன் திரையை அடுத்தவர் பார்க்க வழி செய்வது. பள்ளி மாணவியான மகள் போனைப் பிடுங்கி கட் செய்யாமல் இருந்தால் மீதி சம்பளமும் போயிருக்கும். கஸ்டமர் கேர் எண்ணை ஆர்டர் செய்த ஆப்புக்குள் இருந்து மட்டும் எடுக்க வேண்டும். ஒருவேளை பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும்.

7 நாள் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுதா?

இல்லை. பலர் விட்டுக்கொடுப்பது இந்த இடத்தில்தான். 7 நாள் என்பது தளம் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட கொள்கை. சட்டம் வேறு சொல்கிறது.

2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகளின்படி, பொருள் குறைபாடுள்ளதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லை என்றாலோ, விற்பனையாளர் அதைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது. 'நாங்க வெறும் தளம்தான், விற்றது வேற ஆள்' என்று சொல்லும் நிறுவனமும் விற்பனையாளரின் பெயர், முகவரி, தொடர்பு விவரங்களைக் காட்டியாக வேண்டும். குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமித்திருக்க வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் வரும் 'ஹாய், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்' அந்த அதிகாரி இல்லை! அவருடைய பெயரும் மின்னஞ்சலும் பெரும்பாலும் ஆப்பின் அடியில் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும்.

தானாக விழுந்த அந்த 999 ரூபாய்க்கும் ஒரு பெயர் உண்டு. 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில், வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் கூடையில் பொருளைச் சேர்ப்பதும் ஒன்று. ஸ்டாக் நிறைய இருந்தும் 'இன்னும் 2 தான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது இன்னொன்று.

அவர் செய்தது இதுதான். விளம்பரப் பக்கத்தில் '600 வாட்ஸ்' இருக்கும் ஸ்கிரீன்ஷாட், பெட்டியில் '50 வாட்ஸ்' இருக்கும் படம், அடாப்டர் ஸ்டிக்கர், ரீங்கார வீடியோ, பில் ஆகியவற்றோடு குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரே மெயில். 'சத்தம் சரியில்லை' என்று எழுதவில்லை. 'விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லை, குறைபாடுள்ள பொருள், பணம் திரும்ப வேண்டும்' என்று எழுதினார். வந்த பதில், 'விற்பனையாளரின் கொள்கைப்படி ரீஃபண்ட் இயலாது'.

அடுத்து 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இவர்கள் நீதிமன்றம் கிடையாது, உத்தரவு போட முடியாது. ஆனால் புகாரைப் பதிவு செய்து நேரடியாக நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். புகார் எண் கிடைத்த நான்காவது நாள், தளத்தில் இருந்து போன் வந்தது. வீடியோவைப் பார்த்தார்களாம். பொருளை எடுத்துக்கொண்டு 13,499 ரூபாயைத் திருப்பி அனுப்பினார்கள்.

1915-லும் வேலை ஆகவில்லை என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போடலாம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும், டெல்லியில் இருந்தாலும் வாடிக்கையாளர் குடியிருக்கும் ஊரிலேயே போட 2019 சட்டம் வழி செய்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. 'இ-ஜாக்ரிதி' இணையதளத்தில் வீட்டில் இருந்தே தாக்கல் செய்யலாம். ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட இழுக்கும் என்பது கோர்ட் வாசலை மிதித்த எல்லோருக்கும் தெரியும்.

பணம் வந்ததும் அவர் அம்மாவையே கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரரிடம் பாட்டு போட வேண்டாம், செய்தி வாசிப்பதைப் போடுங்க என்றார். மூன்று மாடல்களைக் கேட்ட அம்மா, இருந்ததிலேயே சின்னதாக இருந்த ஒன்றைக் காட்டி, "இதுல பேசுறது புரியுதுப்பா" என்றார்.

999 ரூபாய் இன்னும் வரவில்லை. 'வாரன்டி சேவை தனி, அது ரத்தாகாது' என்பது தளத்தின் பதில். வாரன்டி யாருக்கு, திரும்பிப் போன ஸ்பீக்கருக்கா என்று கேட்டு இரண்டாவது புகாரைப் பதிவு செய்திருக்கிறார். ஆணையத்துக்குப் போக சட்டம் கொடுக்கும் அவகாசம் 2 ஆண்டுகள்.