ஆற்றில் 60 கனஅடி: மொன்டானாவில் மீனும் தீவனப்புல்லும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓடும் பிக் ஹோல் ஆறு, இலையுதிர் காலம் தொடங்கும் செப்டம்பர் கடைசியில் பல இடங்களில் முழங்கால் அளவுக்கு இறங்கிவிடும். கரையோரக் கூழாங்கல் வெளியே தெரியும். தண்ணீர் மட்டும் அடிவரை தெளிந்திருக்கும். அந்தத் தண்ணீரை நம்பி ஒரு பக்கம் டிரவுட் மீன் பிடிக்க வருபவர்களும் அவர்களுக்கு வழிகாட்டிப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், அதே ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி மாட்டுக்குத் தீவனப்புல் வளர்க்கும் விவசாயிகள். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் இருவரும் அதை எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பது பாசன விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

டிரவுட் குளிர்ந்த ஆற்று மீன். நம் நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-லேயே இதற்குக் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள் என்பதால் பெயர் பலருக்குப் பழக்கம்தான். குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும். கடல் மட்டத்தில் 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் வரை கரைவது, 23 டிகிரியில் எட்டரை அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் வெயில் அதைச் சீக்கிரம் சூடாக்கும். மீனுக்கு வரும் கேடு பாதி இந்த வழியில்தான் வருகிறது.

தெளிந்த தண்ணீரில் தூண்டில்

இங்கே பிடிப்பது புழு மாட்டிய தூண்டிலால் அல்ல. இறகு, நூல், முடி ஆகியவற்றை முள்ளில் சுற்றிப் பூச்சிபோலச் செய்து வீசும் 'ஃபிளை ஃபிஷிங்' முறை. பொய்ப்பூச்சிக்கு எடையே கிடையாது. தடித்த நூலின் எடைதான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. நூல் நுனியில் மெல்லிய நரம்பு கட்டியிருப்பார்கள். தண்ணீர் நிறைந்த ஜூனில் தடித்த நரம்பும் பெரிய பூச்சியும் போதும். அக்டோபரில் 12 அடி நீளத்துக்கு நரம்பு வேண்டும்; அதன் கடைசி முனை 0.13 மில்லிமீட்டர் கனம்தான். பூச்சி ஓர் அரிசி மணி அளவு.

காரணம், மீனின் பார்வை. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு மேலுலகம் ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் தெரியும். ஓர் அடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டத்தின் குறுக்களவு இரண்டேகால் அடி. பூச்சி அந்தச் சின்ன வட்டத்தை நோக்கி மிதந்து வர வேண்டும். தள்ளிப் போட்டால் பயனில்லை. மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து நிற்பதால் ஆள் பின்னாலிருந்து, அதாவது கீழ்ப்பக்கமிருந்து, குனிந்தபடி வர வேண்டும். நிழல் தண்ணீரில் விழுந்தால் அந்த மடுவில் வேறு மீனும் கிடைக்காது. கோடையில் விடியற்காலை நல்ல நேரம் என்றால் இலையுதிர் காலத்தில் அது தலைகீழ். இரவுக் குளிரில் உறைந்ததுபோல இருந்த தண்ணீர் மதியம் சற்றே சூடேறியபின், மேகமூட்டமான நாளில் சிறு பூச்சிகள் ஆற்றிலிருந்து கிளம்பும். மீனும் அப்போதுதான் மேலே வரும்.

ஆறு இவ்வளவு மெலிந்திருப்பது ஏன் என்று கேட்டால்தான் விவசாயம் உள்ளே வருகிறது.

தண்ணீர் எங்கே போயிற்று?

பிக் ஹோல் 240 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ட்வின் பிரிட்ஜஸ் என்ற ஊருக்கருகே பீவர்ஹெட் ஆற்றோடு சேர்கிறது. பிறகு அந்தத் தண்ணீர் மிசௌரி ஆற்றுக்குப் போகிறது. பிக் ஹோலில் தண்ணீரைத் தேக்கி வைக்கப் பெரிய அணை இல்லை. மலைப்பனி மே, ஜூனில் உருகி ஓடுவதுதான் அந்த ஆண்டின் வருமானம். மேல் பள்ளத்தாக்கில் உள்ள விஸ்டம் என்ற ஊர் சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே உறைபனி இல்லாத நாட்கள் மிகக் குறைவு. அதனால் ஆண்டுக்கு ஒரே அறுவடை, அதுவும் புல். மே, ஜூனில் வயலில் தண்ணீரைப் பரவவிட்டு, ஜூலை, ஆகஸ்டில் அறுத்துக் காயவைத்துப் போர் போட்டுவிட வேண்டும். நீண்ட குளிர்காலம் முழுக்க மாட்டுக்கு அதுதான் சாப்பாடு. 'பத்தாயிரம் போர்களின் பள்ளத்தாக்கு' என்ற பெயரும் அப்படி வந்ததுதான்.

அங்கே தண்ணீர்ச் சட்டம் எளிது: முதலில் எடுத்தவருக்கு முதல் உரிமை. முப்பாட்டன் வாய்க்கால் வெட்டிய ஆண்டுதான் பேரனின் இடத்தைத் தீர்மானிக்கும். மீன் வாய்க்கால் வெட்டவில்லை. ஆகவே வரிசையில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. ஆற்றில் தண்ணீரை விட்டுவைப்பதற்காக உரிமையைக் குத்தகைக்கு எடுக்கலாம் என்று மொன்டானா சட்டம் அனுமதித்ததே 1989-ல்தான். அதற்கு முந்தைய ஆண்டான 1988-ன் வறட்சியில் விஸ்டம் அருகே ஆற்றோட்டம் அறுந்துபோனது. 1994-லும் அதே கதை.

இதில் டிரவுட்டைவிடப் பெரிய கவலை இன்னொரு மீன். பிக் ஹோலில் கிரேலிங் என்ற உள்ளூர் மீன் இருக்கிறது. அலாஸ்காவை விட்டுவிட்டால், ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே வாழும் கிரேலிங்குக்கு அமெரிக்காவில் கிட்டத்தட்டக் கடைசிப் புகலிடம் இந்த ஆறுதான். அழிந்துவரும் உயிரினப் பட்டியலில் அது சேர்ந்தால் வாய்க்கால் மதகைத் திறக்கக்கூட அரசு அனுமதி கேட்க வேண்டிவருமோ என்று விவசாயிகள் பயந்தார்கள். பயம் நியாயமானதே.

1995-ல் மாட்டுப் பண்ணை விவசாயிகள், மீன்பிடி வழிகாட்டிகள், இந்த ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் பியூட் நகரத்தார், இயற்கை ஆர்வலர்கள் எல்லோரும் சேர்ந்து ஆற்றுப்படுகைக் குழு ஒன்றை அமைத்தார்கள். 1997-ல் வறட்சித் திட்டம் எழுதினார்கள். ஓட்டம் குறையும்போது பாசனக்காரர்கள் தாங்களாகவே மதகைச் சற்று இறக்குவார்கள். அதே சமயம் மீன்பிடிப்புக்கும் கட்டுப்பாடு வரும். ஒருவர் மட்டும் இழக்கவில்லை என்பதுதான் இந்தத் திட்டம் நிலைத்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன். மாநில மீன்வளத் துறையிலும் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாட்கள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அதாவது ஏறக்குறைய 23 செல்சியஸ், மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடக் கூடாது.

2006-ல் அடுத்த படி. நிலத்துக்காரர்கள் கிரேலிங்குக்காகச் சில வேலைகளைச் செய்து கொடுத்தால், பின்னாளில் அந்த மீன் பட்டியலில் சேர்ந்தாலும் அவர்கள்மீது கூடுதல் கட்டுப்பாடு வராது என்று மத்திய வனவிலங்குத் துறை எழுத்தில் உறுதி கொடுத்தது. சுமார் 30 பேர் கையெழுத்திட்டார்கள். விஸ்டம் பகுதியில் கோடை, இலையுதிர் காலத்துக்கு இலக்கு விநாடிக்கு 60 கனஅடி. மதகுகளில் அளவுகோல் வைத்தார்கள். மீன் ஏறிப் போக ஏணி வைத்தார்கள். கரையில் வேலி போட்டு வில்லோ மரங்களை வளரவிட்டார்கள். அந்த மீனைப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்று 2014-லும் 2020-லும் அரசு முடிவு செய்தது. வழக்குகள் மட்டும் ஓயவில்லை.

எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும்

வேளாண் பார்வையில் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பரவவிடும் பாசனம் என்றாலே வீண் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். பிக் ஹோல் பள்ளத்தாக்கின் அடியில் சரளை மண். ஜூனில் வெள்ளமாக வரும் தண்ணீரை வயலில் பரவவிட்டால் ஒரு பகுதி கீழே இறங்கி, நிலத்தடியில் மெதுவாக நகர்ந்து, வாரக்கணக்கில் கழித்துக் குளிர்ந்த ஊற்றாக ஆற்றுக்கே திரும்புகிறது. இதையெல்லாம் தெளிப்பு நீருக்கு மாற்றினால் எடுக்கும் அளவு குறையும். ஆனால் இப்படித் திரும்பி வரும் ஊற்றும் குறையும். ஜூனில் எடுத்த தண்ணீர் இலையுதிர் காலத்து மீனுக்குச் சேமிப்பு ஆகலாம். ஆகஸ்டில் எடுத்தால் அது நேரடி இழப்பு. தெளிப்பு நீர் நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்பவர், அடியில் என்ன மண் என்று பார்க்காதவர்.

இன்னொன்று மாட்டுக்குக் குடிதண்ணீர். அறுவடை முடிந்த பிறகும் சில வாய்க்கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. பயிருக்காக அல்ல, வயலில் மேயும் மாடு குடிப்பதற்காக. மாடு குடிப்பது கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சம் வயல் கோடிவரை போய்ச் சேர வேண்டுமானால் வாய்க்கால் முழுவதும் நனைய வேண்டும். ஒப்பந்தத்தின் கீழ் கிணறு தோண்டித் தொட்டி வைத்ததும் அந்த மதகுகளை மூட முடிந்தது. செலவைப் பார்த்தால், ஆற்றுக்குக் கிடைத்த பலனுக்கு இது மலிவான வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் 2023-ல் பிக் ஹோலில் பிரவுன் டிரவுட் எண்ணிக்கை, கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து இல்லாத அளவுக்குச் சரிந்தது. மொன்டானா அரசுப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து மீன் சாவு, நோய், குஞ்சுகள் பிழைப்பது பற்றி ஆய்வு தொடங்கினார்கள். மொன்டானா 1974-லிருந்து ஆறுகளில் டிரவுட் குஞ்சு விடுவதில்லை. இருக்கும் மீன் முட்டையிட்டால்தான் அடுத்த தலைமுறை.

பிரவுன் டிரவுட் முட்டையிடுவது அக்டோபர், நவம்பரில், அதே மெலிந்த தண்ணீரில். பெண் மீன் வாலால் சரளையைப் புரட்டிக் குழி பறித்து முட்டையிட்டு மூடும். பாசி படிந்த ஆற்றுப்படுகையில் அந்த இடம் மட்டும் கழுவிய கல்போல வெளுத்து, நீள்வட்டமாகத் தெரியும். முட்டை குளிர்காலம் முழுவதும் அந்தச் சரளைக்குள்தான் இருக்கும். மேலே ஒரு கால் பட்டால் நசுங்கிவிடும். தண்ணீர் அதற்கும் கீழே இறங்கினால் உறைந்துவிடும். வெளுத்த கல்லைக் கண்டால் பொறுப்பான தூண்டில்காரர் கரை ஏறிச் சுற்றிப் போகிறார். அங்கே நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடுவதுமில்லை. அதன்மேல் போதிய தண்ணீர் நிற்பது, மேலே விஸ்டம் பக்கத்தில் மூடிய மதகுகளைப் பொறுத்தது.